எலுமிச்சை வாசம் அடித்த ஓடை

சுகாதாரப் பணியில் புதிதாகச் சேர்ந்திருக்கிற பிள்ளைகளே, முதலிலேயே ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஏற்காட்டில் சுகாதார ஆய்வாளராக இருந்தபோது, இந்த மலையிலேயே மிகச் சுத்தமான தெருவை நான் உருவாக்கினேன். வாசலெல்லாம் பளபளவென்று மின்னியது. அந்தச் சுத்தம்தான் கீழே ஓடிய ஓர் ஓடையைக் கெடுத்தது. பாவம் ஒன்றும் அறியாத ஒரு பெண்மணியின் கொட்டகைக்கு நான் பூட்டுப் போட்டதும் அதனால்தான். ஓய்வு பெற்றுவிட்டேன், ஆனாலும் அந்த ஒரு நாளைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் என்னால் உட்கார முடியாது. எழுந்து நின்று கையை ஆட்டி ஆட்டித்தான் சொல்வேன். எழுத்திலும் அப்படித்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பொங்கலுக்கு முன்பு நம் ஊரில் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். ஒட்டடை அடிப்பது, சுண்ணாம்பு அடிப்பது, பெயின்ட் அடிப்பது, பாயிலிருந்து ஜன்னல் திரை வரைக்கும் வெளியே போட்டு அலசுவது. அந்த வருடம் எனக்கு ஒரு யோசனை வந்தது. மேட்டுத் தெருவில் நாற்பது வீட்டுக்கும் ‘பளிச் வாசல்’ என்று ஒரு போட்டி வைத்தால் என்ன? எந்த வீட்டு வாசல் சுத்தமோ அதற்குப் போகியன்று பரிசு. மைக் பிடித்து நானே தெரு முழுக்க அறிவித்தேன். போட்டியில் சேர்ந்த வீட்டுக்கெல்லாம் தலா ஒரு பெரிய பாக்கெட் சோப்புத்தூள் இலவசம் என்றும் சொன்னேன். ஒரு மளிகைக் கடைக்காரர் அன்பளிப்பாகக் கொடுத்திருந்தார். எலுமிச்சை வாசம் கமகமக்கும் சோப்புத்தூள்.

அடடா, அடுத்த மூன்று நாட்களும் தெருவைப் பார்த்திருக்க வேண்டும்! ஹோம் ஸ்டே நடத்துகிற மல்லிகா விடிவதற்குள் ஓஸ் பைப்பைப் பிடித்துவிடுவாள். அவள் கழுவுவதைப் பார்த்து எதிர்வீடு கழுவும். எதிர்வீட்டைப் பார்த்துப் பக்கத்து வீடு ஸ்கூட்டரை வெளியே தள்ளி வந்து கழுவும். நானும் சும்மா இருக்கவில்லை. என் வீடும் அதே தெருவில்தான், ஆய்வாளர் வீட்டு வாசல் அழுக்காக இருந்தால் நான்கு பேர் சிரிக்க மாட்டார்களா? நான் சிமென்ட் தரையைத் தேய்த்தேன். என் வீட்டுக்காரர் கேட்டுக்கு மயில் நீலத்தில் பெயின்ட் அடித்தார். எல்லாத் தண்ணீரும் தெரு ஓரத்து வடிகாலில் விழுந்து, கொஞ்ச தூரம் ஓடி, அப்படியே தேங்கிக் காய்ந்தது. தேங்கினால் என்ன, மழை வந்தால் அடித்துக்கொண்டு போய்விடும் என்று சொன்னோம். இந்த ஒரு வாக்கியத்தை நான் என் வாழ்நாளில் எத்தனை முறை சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை.

மழையும் வந்தது. மார்கழி முடியப் போகிறது, இனிமேல் எங்கே மழை என்று இருந்தபோது, போகிக்கு இரண்டு நாள் முன்பு மத்தியானம் கொட்டித் தீர்த்துவிட்டது. ஒரு மணி நேரம் இருக்கும். தெரு துடைத்து வைத்தது போல ஆனது. நான் ஜன்னலில் நின்று பார்த்துச் சந்தோஷப்பட்டேன்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு போன் வந்தது. செம்மநத்தம் போகிற பாதையில், மலைச் சரிவில் ஒரு சின்ன ஊர் இருக்கிறது. அந்த ஊருக்கு ஓடைத் தண்ணீர்தான் குடிக்க, சமைக்க, எல்லாவற்றுக்கும். ஓடையில் ஆள் முழங்கால் உயரத்துக்கு நுரை நிற்கிறது, தண்ணீர் மேல் எண்ணெய் படர்ந்திருக்கிறது, மீன் குஞ்சுகள் செத்து மிதக்கின்றன என்றார்கள். நான் வண்டியை எடுத்துக்கொண்டு பறந்தேன்.

போய்ச் சேர்ந்தபோது அங்கே ஊரே கூடியிருந்தது. காலிக் குடங்களோடு பெண்கள் ஒரு பக்கம், கோபத்தோடு ஆண்கள் ஒரு பக்கம். எல்லாருடைய விரலும் ஒரே இடத்தைக் காட்டியது. ஓடைக்கு மேலே, கூப்பிடு தூரத்தில், பாவாயி என்கிற பெண்மணியின் கொட்டகை. இரண்டு ஏக்கர் காபி வைத்திருக்கிறவர். கணவர் இல்லை. கொட்டகையில் ஒரு சின்ன பல்ப்பர் இருந்தது, அதாவது காபிப் பழத்தின் தோலை உரித்துக் கொட்டையைப் பிரிக்கிற மெஷின். அந்த மெஷினிலிருந்து வரும் கழிவுத் தண்ணீர் ஓடையில் கலந்தால் நாசம் என்பது மலையில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். பறிப்புக் காலம் வேறு. ஆகவே யாரும் இரண்டாவது தடவை யோசிக்கவில்லை.

“ஏனுங் மேடம், பாத்துக்கிட்டே நிக்கிறீங்க? மெஷினுக்குப் பூட்டுப் போடுங்க மொதல்ல!” என்று தங்கவேல் என்பவர் கத்தினார். “எங்க கொழந்த குட்டி இந்தத் தண்ணியத்தான் குடிக்கோணும்.”

அதே நேரம் என் மேலதிகாரி போனில் வந்தார். “பண்டிகை நேரம், பிரச்சினை பெருசாகக் கூடாது. உடனே பூட்டி, நோட்டீஸ் ஒட்டி, போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்ல போடுங்க” என்றார்.

பாவாயி என் கையைப் பிடித்துக்கொண்டார். “மேடம், சித்தெ பொறுங்க. எங் கழிவுத் தண்ணிக் குழிய ஒருக்கா வந்து பாருங்க. பாத்துப்போட்டு அப்புறம் பூட்டுங்க. பதினஞ்சு மூட்டப் பழம் உள்ளாற கெடக்குதுங்க. நேத்துப் பறிச்சது, மழையில நனஞ்சு போச்சு. இன்னிக்குப் பொழுதுக்குள்ள உரிக்காட்டி சூடேறிப் புளிச்சுப் போயிருமுங்க. வருசம் முச்சூடும் பாடுபட்டதுங்க மேடம்.”

நான் குழியைப் பார்த்தேனா? இல்லை. பத்தடி தூரம். நடந்து போகப் பத்து விநாடி ஆகும். சுற்றி அத்தனை பேர் கத்தும்போது, காதில் அதிகாரியின் குரல் இருக்கும்போது, அந்தப் பத்தடி எனக்குப் பத்து மைல் மாதிரி இருந்தது. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். அவசரக்காரிக்கும் அப்படித்தான். பூட்டினேன், நோட்டீஸ் ஒட்டினேன், பூட்டுக்குப் பக்கத்தில் பாவாயியை நிற்க வைத்துப் போட்டோ எடுத்தேன். அனுப்பினேன். கூட்டம் அடங்கியது. எனக்கு ஏதோ சாதித்துவிட்ட நினைப்பு.

பரிசோதனைக்குத் தண்ணீர் எடுக்க பாட்டிலோடு ஓடையில் இறங்கினேன். பாவாயி கரையில் நின்றபடி, அழாமல், மிகவும் நிதானமாக ஒன்று சொன்னார்.

“பழத் தண்ணியின்னா நாறுமுங்க மேடம். பக்கத்துல நிக்க முடியாது. இது மணக்குதுங்களே?”

நான் பாட்டிலை மூக்கருகே கொண்டு போனேன். எலுமிச்சை!

“நேத்து இங்க கரண்டே இல்லீங்க, இப்பத்தான் வந்துச்சு. மெஷின் எப்படீங்க ஓடும்?” என்று அவர் மேலும் சொன்னார். அப்போதுதான் போய்க் குழியைப் பார்த்தேன். தகரம் போட்டு மூடி, சுற்றிலும் மண் அணைத்து, மழைத் தண்ணீர் உள்ளே போகாதபடி கட்டியிருந்தார். பாதிக்குக் கீழேதான் நிறைந்திருந்தது. ஒரு சொட்டு வெளியே வந்த தடம் இல்லை. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்றால் இதுதான்.

ஓடையைப் பிடித்து மேலே ஏற ஆரம்பித்தேன். புதரும் பாறையுமாக முக்கால் மணி நேரம். ஏற ஏற நுரை அதிகமானது. கடைசியில் ஓடை தார்ச்சாலைக்குக் கீழே இருக்கிற குழாயில் போய் முடிந்தது, குழாய் மேட்டுத் தெரு வடிகாலில் போய் முடிந்தது. வடிகால் நெடுகப் பார்த்துக்கொண்டே நடந்தேன். மழையில் போனது போக மிச்சமும், அன்று காலை கழுவியதும் சேர்ந்து சோப்புத்தூள் வெள்ளையாகப் பாளம் கட்டியிருந்தது. ஸ்கூட்டர் கழுவின இடத்தில் கறுப்பு எண்ணெய். வடை சுட்ட எண்ணெயை யாரோ ஊற்றியிருந்தார்கள். ரோஜாத் தொட்டிகளுக்கு அள்ளிப் போட்ட உரம் மழையில் கரைந்து வழிந்த கோடு. நாயை அழைத்துப் போனவர்கள் விட்டுவிட்டு வந்த சமாச்சாரமும் இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலே, வடிகால் ஓரமாக ஒரு மயில் நீலக் கோடு. அதைத் தொடர்ந்து போனேன். என் வீட்டுக் கேட்டில் போய் நின்றது. என் வீட்டுக்காரர் பிரஷ்ஷை மண்ணெண்ணெயில் கழுவி வடிகாலில் ஊற்றியிருந்தார். நான்தான் அங்கே ஊற்றச் சொன்னேன், வாசல் தரையில் கறை படக் கூடாது என்று!

பிள்ளைகளே, இதை மட்டும் மனதில் வையுங்கள். வீட்டுக் குளியலறைத் தண்ணீர் உறிஞ்சுகுழிக்குப் போகும். தெரு ஓர வடிகால் எந்தக் குழிக்கும் போகாது, நேராக ஓடைக்குப் போகும். நடுவில் ஒரு வடிகட்டி கூடக் கிடையாது. இது எனக்குத் தெரியாதா? பரீட்சையில் எழுதிப் பாஸ் செய்தவள். தெரிந்திருந்தும் வாசலை மட்டும் பார்த்தேன். வெயிலில் எல்லா வடிகாலும் நல்ல பிள்ளைதான், மழையில்தான் அதன் குணம் தெரியும்.

மேலதிகாரிக்குப் போன் போட்டேன். “சரி, பூட்டு இருக்கட்டும். நாளைக்குப் பரிசு விழா, விருந்தாளிங்க வர்றாங்க. பொங்கல் முடியட்டும், அப்புறம் மெதுவாத் திறந்துக்கலாம்” என்றார். மணி பதினொன்றரை. பொங்கல் முடிகிற வரைக்கும் பதினைந்து மூட்டைப் பழம் காத்திருக்குமா? மேற்கே பார்த்தேன். மேகம் கறுத்து ஏறிக்கொண்டிருந்தது. இன்னொரு மழை வந்தால் வடிகாலில் காய்ந்து கிடக்கிற மிச்சமெல்லாம் மறுபடியும் அந்த ஊர்க் குடிதண்ணீரில் விழும். “பொறுக்காதுங்க சார்” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். மனசு தெளிந்துவிட்டது.

மல்லிகா அப்போதும் ஓஸ் பைப்போடு நின்றிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். அவளுக்கு வந்ததே கோபம்!

“ஏனுங் மேடம், சோப்புத்தூளு குடுத்தது நீங்க, வாசலக் கழுவுங்க கழுவுங்கன்னு மைக்குல கத்துனது நீங்க. இப்ப வந்து ஓடையக் கெடுத்துப்போட்டீங்கன்னா என்னங்க நாயம்?”

“நீங்க கெடுக்கல. நான்தான் கெடுத்தேன். இத மோந்து பாரு” என்று பாட்டிலை நீட்டினேன்.

மோந்தாள். செத்த மீன் குஞ்சு ஒன்று பாட்டிலுக்குள் மிதந்ததையும் பார்த்தாள். பைப்பைக் கீழே போட்டுவிட்டு, குழாயை மூடினாள். “இந்தத் தண்ணியவா குடிக்கிறாங்க?” என்றாள். அடுத்த நிமிடம் முந்தானையை இடுப்பில் சொருகிக்கொண்டு தெருவே அதிரக் கூப்பிட்டாள். “அக்கா! சாந்தி! எல்லாரும் வெளக்குமாத்த எடுத்துக்கிட்டு வெளிய வாங்க! தண்ணி ஒரு சொட்டுத் தொடாதீங்க!”

விழாவுக்கு முன்பு தெருவைக் கழுவிவிட ஒரு தண்ணீர் லாரி சொல்லி வைத்திருந்தேன். அது சரியாக அந்த நேரத்தில் வந்து நின்றது. எனக்குப் பளிச்சென்று பட்டது. பூட்டைத் திறந்தால் மட்டும் போதாதே, நுரை ஓடுகிற ஓடைத் தண்ணீரில் பாவாயி எப்படிப் பழம் உரிப்பார்? டிரைவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தேன். “தெரு வேண்டாம், கீழே போங்க” என்றேன்.

கொண்டை ஊசி வளைவுகளில் லாரி பறந்து இறங்கியது. கொட்டகைக்குப் போனதும் பூட்டைத் திறந்தேன், நோட்டீஸைக் கிழித்தேன். கூட்டம் மறுபடியும் கூடியது. “இந்த அம்மா மேல தப்பில்ல. எங்க தெருத் தண்ணி இது. எங்க ஊட்டுத் தண்ணியும் இதுல இருக்குது” என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். சும்மா விடுவார்களா? தங்கவேல் கேட்ட கேள்விகளை இங்கே எழுத முடியாது. வாங்கிக்கொண்டேன், வாங்க வேண்டியதுதான். லாரித் தண்ணீரில் முதலில் குடங்களை நிரப்பினோம், பிறகு பாவாயியின் தொட்டியை. மூட்டைகளைப் பிரித்தபோது மூன்று மூட்டை ஏற்கெனவே கதகதவென்று சூடாகிப் புளிப்பு வாடை அடித்தது. பாவாயி அந்த மூன்றையும் ஒன்றும் சொல்லாமல் ஒதுக்கி வைத்தார். மீதிப் பன்னிரண்டு மூட்டைக்கு மெஷின் ஓடத் தொடங்கியது.

இங்கே மெஷின் ஓட, மேலே தெருவில் விளக்குமாறுகள் ஓடின. மல்லிகா போனில் நேர்முக வர்ணனையே செய்தாள். சோப்புப் பாளத்தைத் தகரத்தால் சுரண்டிச் சாக்கில் கட்டியாயிற்று. மரக்கடையிலிருந்து மரத்தூள் கொண்டு வந்து எண்ணெய் மேல் கொட்டி, அது உறிஞ்சினதும் கூட்டி அள்ளியாயிற்று. வடை எண்ணெயைச் செய்தித்தாளால் துடைத்தாயிற்று. பக்கெட்டில் மிச்சம் இருந்த சோப்புத் தண்ணீரை வாழை மரத்தடி மண்ணில் ஊற்றியாயிற்று. நாய்ச் சமாச்சாரத்தையும் ஒருவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு அள்ளினாராம். “உங்க ஊட்டுக்காரரு வடிகாலுக்குள்ள எறங்கி நீலத்தச் சொரண்டுறாருங்க மேடம். பாக்க நொம்ப நல்லா இருக்குது!” என்று ஒரே சிரிப்பு.

“மழ வந்துரும் மல்லிகா, வேகம்!”

“இன்னும் எட்டு ஊடு பாக்கிங்க!”

அவள் சொல்லி முடிக்கவில்லை, முதல் துளி என் கையில் விழுந்தது. அப்புறம் பெருந்துளிகள். ஊரே ஓடைக் கரைக்கு ஓடியது. குடை இருந்தவர்கள் குடையோடு, இல்லாதவர்கள் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு. தங்கவேலும் நானும் பக்கத்துப் பக்கத்தில் நின்றோம். போனில் மல்லிகா, “மேடம், எங்க தெருத் தண்ணி எறங்கிருச்சுங்க, பாருங்க!” என்று கத்தினாள். அது இங்கே வந்து சேரக் கால் மணி நேரம் ஆகும். எனக்குக் குலதெய்வம் வரைக்கும் வேண்டுதல் போய்விட்டது.

தண்ணீர் வந்தது. செம்மண் நிறத்தில், இலையும் குச்சியுமாக வந்தது. எட்டு வீடு பாக்கி இருந்ததல்லவா, ஓரத்தில் கொஞ்சம் நுரையும் வந்தது, ஆனால் உள்ளங்கை அகலம்தான். பழைய நுரையையும் எண்ணெயையும் அந்த வெள்ளம் தள்ளிக்கொண்டு போனது. ஒரு பெண் தண்ணீரைக் கையில் அள்ளி மோந்து பார்த்தாள். “மண்ணு வாசந்தாங்க!” என்றாள். அங்கே எழுந்த கூச்சலைக் கேட்டு மலையே அதிர்ந்தது. போனில் அந்தப் பக்கம் தெருவும் கத்தியது. நான் சின்னப் பெண் மாதிரி குதித்தேன், வழுக்கி விழுந்தேன், தங்கவேல்தான் தூக்கிவிட்டார். அதன் பிறகு அவர் நேராகப் பாவாயியின் கொட்டகைக்குப் போய் மூட்டை தூக்கினார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை, தூக்கினார்.

சாயங்காலம் கடைசி மூட்டையும் முடிந்தது. சேறும் சிரிப்புமாகப் பாவாயியிடம் போய், “நாளைக்குத் தண்ணி இன்னும் தெளிஞ்சுருமுங்க” என்றேன். அவர் சிரிக்கவில்லை. போனை எடுத்துக் காட்டினார். காலையில் நான் எடுத்த போட்டோ. பூட்டு, நோட்டீஸ், பக்கத்தில் அவர் முகம். ஓடையில் விஷம் கலந்தவர் என்று யாரோ எழுதிச் சேர்த்திருந்தார்கள். மாரமங்கலத்தில் மகளைக் கட்டிக் கொடுத்த வீட்டுக்கும் போய்விட்டதாம். கொட்டை வாங்குகிற வியாபாரியும் இந்த வருடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம்.

“தண்ணி தெளியுமுங்க. எம் பேரு எப்பங்க தெளியும்?” என்று கேட்டார்.

நம் வேலையில் பூட்டைத் திறந்துவிடலாம், கிழித்த நோட்டீஸுக்குக் கோப்பில் காரணம் எழுதிவிடலாம். கைவிட்டுப் போன போட்டோவை என்ன செய்வீர்கள்?

வெளிச்சம் இருக்கும்போதே வீடு வந்து சேர்ந்தேன். புது நோட்டீஸ் ஒன்றை எடுத்து, ஓடையை அசுத்தப்படுத்தியவர் என்ற இடத்தில் என் பெயரையும் பதவியையும் எழுதி, மயில் நீலக் கேட்டில் ஒட்டினேன். பக்கத்தில் நின்றேன். என் வீட்டுக்காரர் போட்டோ எடுத்தார். ‘காலையில் பாவாயி அம்மாவின் கொட்டகையைப் பூட்டியது என் தவறு. ஓடையைக் கெடுத்தது எங்கள் தெருவும் என் வீடும்’ என்று எழுதி, காலையில் போட்ட அதே குரூப்பில் போட்டேன். ஐந்து நிமிடத்தில் மேலதிகாரி அழைத்தார். விளக்கம் கேட்டு மெமோ வரும் என்றார், வந்தது. பரிசு விழாவும் ரத்தானது. அந்த வியாபாரிக்கும் மாரமங்கலத்துச் சம்பந்தி வீட்டுக்கும் நானே போன் செய்து பேசினேன். ஊரெல்லாம் என் போட்டோ சுற்றியது. தூங்கப் போகும்போது, சரி, இதோடு கடன் தீர்ந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

போகியன்று காலை, வாசலைத் தண்ணீர் இல்லாமல் பெருக்கிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. பாவாயி.

“போட்டோவப் பாத்தனுங்க மேடம். சாயந்தர வெளிச்சத்துல எடுத்திருப்பீங்களாட்ட இருக்குது, உங்க மூஞ்சி நல்லாத் தெரியலீங்க. எம் மூஞ்சி நல்லாத் தெரிஞ்சுதுங்களே. வெயிலு வந்ததும் இன்னொருக்கா எடுத்துப் போடுங்க.”

விளக்குமாற்றைச் சாத்தி வைத்தேன். வெயில் வரும்வரை கேட்டுக்குப் பக்கத்திலேயே நின்றிருந்தேன்.